பதினோரு மணிப் பள்ளிக்கூடம்

நாகரத்தினம் டீச்சர் இறந்துபோன செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் கண்டக்டர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மரத்தடியில் என் மேசை. அன்று முகூர்த்த நாள், நல்ல கூட்டம். ஒரு கிரயப் பத்திரத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தேன். பஸ்ஸை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி வந்தவர், குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ரைட்டரே, உங்க டீச்சரம்மா காலையில நம்ம பஸ்லதான் வந்தாங்க. பேட்டையில எறங்கறப்ப நெஞ்சப் புடிச்சிகினு படியிலயே குந்திட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிபோச்சுங்க."

நான் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். சொத்தின் எல்லை விவரத்தில் கிழக்கு என்று வரவேண்டிய இடத்தில் மேற்கு என்று எழுதியிருந்தேன். முப்பது வருடத் தொழிலில் அப்படி ஒரு தாளை நான் பாழாக்கியதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அவர் தொடங்கிய பள்ளியிலேயே இரங்கல் கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எழுந்து நாலு வாக்கியம் சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன். இப்போதைய தலைமையாசிரியர் நல்ல மனிதர். "பரவாயில்லைங்க ரைட்டர், பள்ளி மலருக்கு எழுதிக் குடுத்துடுங்க" என்றார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மலரில் போட முடியாது என்று அவர்கள் நினைத்தால் எனக்கு வருத்தமில்லை. நல்ல வார்த்தை நாலு மட்டும் எழுதி முடிக்கக்கூடிய மனுஷி இல்லை அவர். எழுதாமல் விட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

எழுபதுகளின் பாதியில் ஒரு நாள் டீச்சர் என் மேசைக்கு வந்தார். அப்போது அவர் பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. பத்திரம் எழுத வருகிறவர்கள் பெஞ்சில் உட்காருவார்கள். இவர் உட்காரவில்லை. குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே கேட்டார்: "ரைட்டரே, ஒரு பள்ளிக்கூடம் யார் பேர்ல இருக்கலாம்?"

ஏன் கேட்கிறார் என்று விசாரித்தேன். தறிக்காரர் வீடுகளில் விடிந்ததும் பிள்ளைகள்தான் தார் சுற்ற வேண்டும். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சிறு கட்டைகளில் நூல் சுற்றித் தரும் வேலை அது. அன்றைய நெசவுக்கு வேண்டியதைச் சுற்றி முடிக்கப் பத்து, பத்தரை ஆகிவிடும். பள்ளி மணியோ ஒன்பதரைக்கு அடித்துவிடும். தாமதமாக வந்த பிள்ளைகள் வெளியே நின்றார்கள். நின்று நின்று ஒரு நாள் வராமல் போனார்கள். வராததால் பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்டது.

"ஒரே வருஷத்துல பதினாலு பேர் பேர என் கையால அடிச்சிருக்கேன். செவப்பு மையில. அதுங்களுக்குப் படிக்க இஷ்டம் இல்லாம இல்ல ரைட்டரே. மணிதான் தப்பு. பதினோரு மணிக்கு ஆரம்பிக்கற பள்ளிக்கூடம் ஒன்னு இருந்தா எல்லாம் வரும்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொந்தப் பெயரில் நடத்தலாம். அப்போது பள்ளி கிட்டத்தட்ட அவருடைய உடைமை, அவருக்குப் பிறகு வாரிசுகள் கைக்குப் போகும். அறக்கட்டளை வைக்கலாம். ஒரு சொத்தைத் தர்மத்துக்கென்று எழுதிவைத்து, அறங்காவலர்களை நியமித்து, தானே ஆயுள் முழுக்க முதல் அறங்காவலராக இருந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் சங்கம் பதிவு செய்யலாம். குறைந்தது ஏழு பேர் வேண்டும், பொதுக்குழு கூட வேண்டும், செயலாளரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"இதுல எது சுலுவு?"

"டிரஸ்ட்டுதான். உங்கள யாரும் அசைக்க முடியாது."

"எதுல பிள்ளைங்களோட தாய் தகப்பன் உள்ள வரலாம்?"

"சங்கத்துல. ஆனா உள்ள வர்றவங்க உங்கள வெளிய அனுப்பவும் செய்யலாம் டீச்சர்."

"அனுப்பட்டுமே" என்றார். "தப்பா நடத்தினா அனுப்பத்தானே வேணும்?"

அன்றைக்கு எனக்கு அது பேச்சுக்குச் சொன்னதாகப்பட்டது.

அதன்பின் ஒரு வருடம் அவர் ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததாக நினைவில்லை. சனிக்கிழமைகளில் அரக்கோணம் போய், அங்கிருந்து காஞ்சிபுரம் பஸ் பிடித்துக் கல்வி அலுவலகத்துக்குப் போவார். சில முறை நானும் கூடப் போனேன். கட்டட உரிமத்துக்குத் தாலுகா அலுவலகம், சுகாதாரச் சான்றுக்கு இன்னொரு இடம். பஸ் கிடைக்காத பொழுதில் நிறுத்தத்தில் நிற்க மாட்டார். "அடுத்த ஸ்டாப்ல ஏறிக்கலாம் வாங்க" என்று நடக்க ஆரம்பித்துவிடுவார்.

அரசு உதவி வாங்கினால் ஆசிரியர் சம்பளக் கவலை இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு எழுத்தர் பொறுமையாக விளக்கினார். முதலில் அங்கீகாரம், பிறகு சில வருடம் ஒழுங்காக நடந்தால்தான் உதவிக்கு எழுதலாம். அது வந்தால் நேரமும் நியமனமும் மற்ற பள்ளிகள் போலவே ஆகிவிடும். உதவி பெறாத பள்ளி என்றால் நேரத்தை மாற்ற அனுமதி கேட்டுப் பார்க்கலாம். வெளியே வந்ததும் டீச்சர் சொன்னார்: "மணிய நாம அடிக்கணும்னா சம்பளத்தையும் நாமதான் குடுக்கணும் போலருக்கு."

அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்? விசைத்தறி முதலாளி தேவராஜ் முன்வந்தார். இடம், கட்டடம், பெஞ்சு எல்லாம் தருகிறேன், பள்ளிக்கு என் தகப்பனார் பெயர், ஆயுள் முழுக்க நானே தாளாளர் என்றார். ஒத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்தினேன். டீச்சர் போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்தவர் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"அவர் கொட்டாயில வேல செய்யற பிள்ளைங்கதான் அவர் பள்ளிக்கூடத்துல உக்காரணும். ஒரு நாள் பதினோரு மணிக்கு அவருக்கு ஆர்டர் அவசரம்னா, பிள்ளைங்கள அனுப்புங்கன்னு நான் யார்கிட்டப் போயி கேக்கறது? அவர்கிட்டயேவா?"

இன்னொரு யோசனையும் வந்தது. டீச்சர் வீட்டில் பேசுவது தெலுங்கு. மொழிச் சிறுபான்மைப் பள்ளி என்று பதிவு செய்தால் கட்டுப்பாடுகள் குறையும் என்று அரக்கோணத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார். எங்கள் ஊர் ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் சேர்ந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. பலருடைய பழைய பத்திரங்கள் இன்னமும் தெலுங்கில்தான் இருந்தன. சட்டப்படி அதில் தவறு எதுவும் இல்லை. இரண்டு நாள் அதையே மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார் டீச்சர். மூன்றாம் நாள் வந்து, "வேணாம் ரைட்டரே" என்றார். "என் வீட்ல தெலுங்கு. எதிர் வீட்ல தமிழு. பிள்ளைங்க ரெண்டும் கலந்து பேசிகினு திரியுதுங்க. ஒரு பாதிய மட்டும் பேப்பர்ல எழுதினா, மறு பாதி வீட்டுக்காரன் நாளைக்கு இது நம்மளுது இல்லன்னு நெனப்பான்."

கடைசியில் இடம் கொடுத்தவர் அவருடைய கணவர். அவர் அரக்கோணத்தில் ரயில்வே ஃபிட்டர், டீச்சருக்குத் தாய்மாமன் மகன். டீச்சர் அவரைப் பாவா என்று கூப்பிடுவார். கேட்டுக் கேட்டு எங்களுக்கும் அவர் பாவாவாகிவிட்டார். ஓய்வுபெற்ற பின் வீடு கட்ட என்று ஊருக்கு வடக்கே மனை ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். அதைச் சங்கத்துக்கு முப்பது வருடக் குத்தகைக்கு எழுதித் தருவது என்று முடிவானது. அங்கீகாரத்துக்காக வங்கியில் போட வேண்டிய வைப்புத் தொகையும் அவருடைய சேமநிதியிலிருந்துதான் வந்தது.

வேலையை விடாமல் பள்ளி நடத்த முடியாது. ஓய்வூதியத்துக்குத் தகுதி வர டீச்சருக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி. அதுவரை பொறுக்கலாமே என்றேன்.

"மூணு வருஷத்துல இன்னும் எத்தன பேர அடிக்கணும், சொல்லுங்க" என்றார். அடுத்த வாரம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அங்கீகாரம் வரும் என்பதற்கு அன்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இனி எழுதப்போவது இதுவரை மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

குத்தகைப் பத்திரம் எழுதுவதற்கு முந்தின நாள் மதியம், பாவா தனியாக என் மேசைக்கு வந்தார். அதிகம் பேசாதவர். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சங்கத்துல எல்லாருக்கும் ஓட்டுன்னு எழுதியிருக்கீங்களாமே?"

"ஆங். டீச்சர் அதுல பிடிவாதமா இருக்காங்க."

"வேலையும் போச்சு. மனையும் போவுது. நாளைக்கு அவங்களே இவள வேணாம்னு சொல்லிட்டா இவ கையில இன்னா இருக்கும்? ஏதாவது ஒரு வரி போட முடியாதுங்களா?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது பிரிவாக அந்த வரியைப் போட்டேன். நாகரத்தினம் என்பவர் சங்கத்தின் செயலாளராக இல்லாது போகும் பட்சத்தில் இக்குத்தகை தானாகவே ரத்தாகி, சொத்து அதிலுள்ள கட்டுமானங்களுடன் உரிமையாளர் வசம் திரும்பும் என்று எழுதினேன். எட்டாவதும் பத்தாவதும் ஒலிப்பதுபோலவே இதுவும் ஒலிக்கும்படி பார்த்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

மறுநாள் டீச்சர் வழக்கம்போல நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். தாலுகா அலுவலகம் மூடுவதற்குள் போக வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. "எல்லாம் நாம பேசின மாதிரிதானே ரைட்டரே?" என்று கேட்டார்.

"ஆங், அதேதான்" என்றேன்.

பள்ளி தொடங்கியது. முதலில் கீற்றுக் கொட்டகை, பிறகு ஷீட்டுக் கூரை. நேரத்துக்கான அனுமதியும் வந்தது. பதினோரு மணிக்குத் தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு பிள்ளைகள் ஓடிவருவார்கள். அடிக்கப்பட்ட பதினான்கு பேரில் ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். மற்ற ஐந்து பேர் வீட்டுக்கும் டீச்சர் போய்க்கொண்டே இருந்தார். ஒரு முறை, இந்த ஏற்பாட்டை அறியாத புது ஆய்வாளர் ஒருவர் காலை பத்து மணிக்கு வந்து, பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். டீச்சர் பஸ் ஸ்டாண்டுக்கே ஓடி, புறப்பட இருந்த பஸ்ஸிலிருந்து அவரை இறக்கிக் கூட்டிவந்தார். அந்த மனிதர் சாயங்காலம் வரை வகுப்பில் உட்கார்ந்திருந்துவிட்டுக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தார். தன் அறையில் டீச்சர் நாற்காலி போட்டுக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பார். உண்மையில் உட்கார அவருக்குத் தெரியாது.

ஐந்தாறு வருடங்களில் தெரு மாறியது. கைத்தறிகள் குறைந்து விசைத்தறிகள் பெருகின. தார் சுற்றவும் மெஷின் வந்தது. பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் காலையில் பிள்ளைகளுக்கு வேலை இல்லை. ஒன்பது மணிக்கே பள்ளி வேண்டும், சீருடை வேண்டும், ஒன்றாம் வகுப்பிலிருந்தே இங்கிலீஷ் வேண்டும் என்று பெற்றோர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். கைத்தறி வீட்டுப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்களே என்றார் டீச்சர்.

பொதுக்குழுவில் அது வெடித்தது. நானும் உறுப்பினன் என்பதால் அங்கே இருந்தேன். முனிரத்தினம் என்ற நெசவாளி எழுந்தார். பள்ளியின் பதிவேட்டில் முதல் பெயர் அவருடைய மகளுடையது. டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார்.

"டீச்சர், நீங்க இல்லன்னா என் பொண்ணு எழுத்தே பாத்திருக்காது. ஆனா ஒன்னு கேக்கறேன். எங்க பிள்ளைங்க இன்னும் எத்தினி காலத்துக்குத் தறிக்காரன் பிள்ளைங்களாவே பள்ளிக்கூடம் வரணும்? மத்தப் பிள்ளைங்க போற நேரத்துக்கு எங்களுதும் போவக் கூடாதா?"

"ஓட்டுக்கே விட்டுடலாம்" என்றார் டீச்சர்.  ஓட்டெடுப்பு நடந்தது. நேரம் மாறியது. ஒன்பது மணிப் பள்ளிக்கு நான் செயலாளராக இருக்க மாட்டேன், வேண்டுமானால் நீங்களே வேறு ஆளைத் தேர்ந்தெடுங்கள் என்றார் டீச்சர். அவரைத் தடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிலர் தடுத்தார்கள், அவ்வளவு அழுத்தமாக இல்லை. முனிரத்தினம் செயலாளரானார்.

மறுநாள் காலை டீச்சர் வந்தபோது குத்தகைப் பத்திரத்தின் நகலை எடுத்து வைத்திருந்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமிதம்கூட இருந்தது. "கவலப்படாதீங்க டீச்சர். ஒன்பதாவது பிரிவப் படிங்க" என்று நீட்டினேன்.

நின்றுகொண்டே படித்தார். திரும்பப் படித்தார். பிறகு, என் மேசைக்கு வந்த இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இத யார் எழுதச் சொன்னது?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"பாவாவா?"

"அவர் பயந்தாருங்க. எனக்கும் பயம்தான்."

"படிக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. கேட்டப்ப ஆங்னு சொன்னது உங்க தப்பு." குரல் உயரவே இல்லை. "நேத்து அவங்க எல்லாம் கை தூக்கினாங்களே ரைட்டரே. அது ஓட்டுன்னு நம்பித்தானே தூக்கினாங்க? இந்த வரி இருக்கறப்ப அது எப்படிங்க ஓட்டாவும்? அஞ்சாறு வருஷமா அவங்கள ஒக்காரவெச்சி நான் நாடகம் ஆடிகினு இருந்திருக்கேன். எனக்கே தெரியாம."

நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். நல்லெண்ணத்தில் செய்தது, சட்டத்துக்கு உட்பட்டதுதான், வேண்டாமென்றால் அந்த உரிமையைப் பயன்படுத்தாமலே விட்டுவிடலாம் என்றெல்லாம் சொன்னேன். "விட்டா அது அங்கயே இருக்கும். எடுங்க" என்றார்.

அந்த வாரமே திருத்தல் பத்திரம் எழுதினேன். ஒன்பதாவது பிரிவு ஆதியிலிருந்தே இல்லாததாகக் கருதப்பட வேண்டும் என்று அதில் கண்டது. கையெழுத்துப் போட அரக்கோணம் பஸ்ஸில் வந்து இறங்கினார் பாவா. சார்பதிவாளர் முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "உனக்காகத்தான்" என்றார் மனைவியிடம்.

"தெரியும் பாவா. அதான் கோவம்" என்றார் டீச்சர்.

முனிரத்தினமும் வந்து சங்கத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டார். எதற்கு என்று அவருக்குச் சரியாக விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்கும்போது விளங்கிக்கொள்ளட்டும். இன்று அந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது, உயர்நிலை வகுப்புகள் நடக்கின்றன. முனிரத்தினத்தின் மகள் அங்கேயே ஆசிரியை. அவர்கள் கேட்டது தவறு என்று எந்த நாளும் டீச்சர் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் டீச்சர் என் மேசைப் பக்கம் வரவில்லை. எதிரே நடந்து போவார், பார்ப்பார், தலையசைப்பார், போய்விடுவார். அந்த வருடம் என் கையில் எழுத்து சரியாக ஓடவில்லை. பத்திரம் வாங்கிக்கொண்டு போகிறவர்களைக் கூப்பிட்டு, எதையாவது விட்டுவிட்டேனோ என்று திரும்பப் பார்ப்பேன். டீச்சர் ஆர்.கே.பேட்டைப் பக்கம் போய்வருவதாக மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டேன். மெஷின் வாங்க வசதியில்லாத கைத்தறி வீடுகள் அங்கே நிறைய இருந்தன. நெசவுக்கு நீள நூலாகப் பாவு ஓட்டும் கொட்டகை ஒன்றில், அங்கீகாரம் எதுவும் இல்லாமல், பதினோரு மணிக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் வந்து நின்றார். குடை அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் மாறிக்கொண்டிருந்தது.

"ரைட்டரே, ஒரு சங்கம் பதிவு பண்ணணும்."

"மறுபடியும் எல்லாருக்கும் ஓட்டா டீச்சர்?"

"மறுபடியும் எல்லாருக்கும்தான். ஆனா இந்த வாட்டி நீங்க அங்க வரணும். எழுதினத எல்லாரும் இருக்கறப்ப வாயால படிக்கணும்."

ஒரு ஞாயிறு காலை போனேன். தறிகளை நிறுத்திவிட்டு முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நான் விதிகளைப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் டீச்சர் கையைக் காட்டி நிறுத்தி, தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை பொருள் சொன்னார். ஆறாவது விதியில் வயசான ஒரு அம்மாள் குறுக்கிட்டார். "இரு நைனா. செயலாளரை நீக்கன்னு படிச்சியே, அப்படின்னா இந்தம்மாவ நாங்க போகச் சொல்லலாமா?"

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் கொட்டகை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆங், சொல்லலாம்மா" என்றேன். "நீங்க கூடி முடிவெடுத்தா போகத்தான் வேணும்."

"அப்ப சரி. மேல படி" என்றார் அந்த அம்மாள்.

திரும்பும்போது பஸ்ஸில் டீச்சர் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடம் இருந்தது. பழைய விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்தச் சங்கம் பதிவாகிவிட்டது. பள்ளிக்கான அங்கீகாரத்துக்கு எழுதிப் போட்டு, இடத்துக்காகச் சில வருடமாக அலைந்துகொண்டிருந்த வேளையில்தான் பேட்டையில் அந்தப் பஸ் படியில் உட்கார்ந்தார்.

காரியங்கள் முடிந்தபின் பாவாவைப் பார்க்கப் போனேன். வாடகை வீட்டில் இருக்கிறார். "அந்தத் திருத்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டது சரிதானுங்களா ரைட்டரே? இன்னிக்கும் மனசு ஆறல" என்றார். எனக்கும் ஆறவில்லை என்றேன்.  பேட்டைக் கொட்டகையில் வகுப்பு நின்றுபோகவில்லை. அங்குள்ள ஒரு பெண் எடுக்கிறார். இடம் இன்னும் கிடைக்கவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது அந்தப் பக்கம் இடம் இருந்தால் தெரிவியுங்கள். பத்திரத்தை நான் எழுதுகிறேன்.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். எந்தப் பத்திரமானாலும், கையெழுத்துப் போடுகிறவருக்கு முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் பேனாவைக் கொடுப்பதில்லை. நேரமாகிறது என்று சொத்து வாங்குகிறவர்கள் முணுமுணுப்பார்கள். பக்கத்து மேசைக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. போன வாரம் திருவாலங்காட்டிலிருந்து ஒரு விதவை, தன் நிலத்தை அண்ணன் மகனுக்கு எழுதித் தர வந்திருந்தார். பாதி படித்திருப்பேன். "அந்த வரிய இன்னொரு வாட்டி படிங்க" என்றார். படித்தேன்.  பிறகு, "நான் வீட்டுக்குப் போயி யோசிச்சிட்டு வர்றேங்க" என்று எழுந்துவிட்டார். அண்ணன் மகன் என்னை முறைத்தான். நான் தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.